மிஞ்சியது பாதிப் பெயர்

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம், கொடைக்கானலில் நடந்தது இது. மழை நின்ற நேரங்களில் மேகம் இறங்கி ஜன்னல் வழியாக அறைக்குள் வரும். மேகம் விலகினால் மறுபடி மழை. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றினோம். இதில் மறக்க முடியாமல் போக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அன்று காலை நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் அலுவலகம் போனேன்.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன். அந்த வேலையை விட்ட பிறகு, இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு உதவும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில், மாதப் பத்திரிகை தயாரிக்கும் வேலைக்காக மலையேறினேன். ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட பழைய பங்களாவில் மூன்று அறைகள். அதுதான் அலுவலகம்.

அந்தக் குடும்பங்களுக்கு வீடு, கூலி, ரேஷன் என்று பல குறைகள் இருந்தன. எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆன குறை ஒன்று உண்டு. பல வீடுகளில் ஓர் ஆள் காணாமல் போயிருந்தார். இலங்கையில் பெற்றோரின் இந்தியக் குடியுரிமை மனு ஒரு வருடம் தேறியிருக்கும். வயது வந்த மகனின் மனு தனி, அது சில வருடம் கழித்துத் தேறியிருக்கும். முன்னால் வந்தவர்களை, கப்பலிலிருந்து இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமிலிருந்து கொடைக்கானலில் வாட்டில் மரம் வெட்டும் வேலைக்கு அனுப்பியிருப்பார்கள். பின்னால் வந்தவன் கூடலூருக்கோ வால்பாறைக்கோ எங்கோ ஒரு நூற்பாலைக்கோ போயிருப்பான். கடிதங்கள் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி வரும். ஒரே மாநிலத்துக்குள் இருந்துகொண்டு, ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரியாமல் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியிருக்கும்.

இவர்களைச் சேர்த்து வைப்பதற்காக எங்கள் களப்பணியாளர்கள் தாண்டிக்குடி, பாச்சலூர் காபித் தோட்டங்களிலும் நீலகிரிப் பக்கமும் வீடு வீடாகப் போய், ஆளுக்கொரு அட்டை எழுதி அனுப்பினார்கள். பெயர், தகப்பனார் பெயர், இலங்கையில் இருந்த தோட்டம், வந்த வருடம், இப்போது இருக்கும் இடம். அட்டைகள் வந்து குவிந்தன. சாக்கில் கட்டிப் பின்பக்கக் கொட்டகையில் வைத்தோம். ஒரே மழைக்காலத்தில் சாக்குகள் நனைந்து, மை கரைந்து, பாதி அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. நல்ல வேளையாக, அதற்குள் பெரும்பாலானவை கம்ப்யூட்டரில் ஏறியிருந்தன. இந்த மலையில் காகிதம் தாங்காது, கம்ப்யூட்டர்தான் தாங்கும் என்று எங்கள் பொறுப்பாளர் அப்போது சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

அட்டைகளை ஏற்றியது ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். தாயார் இடுப்பில் உட்கார்ந்து கப்பலில் வந்து, இங்கே மிஷன் பள்ளியில் படித்தவள். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. ஆகவே தமிழில் எழுதிய அட்டையைப் பார்த்து ஒவ்வொரு பெயரையும் ஆங்கில எழுத்தில் அடித்தாள். அவள் வராத நாட்களில் வேறு ஆள் அடித்ததும் உண்டு, ஆகவே எல்லாப் பெயரும் அவள் கண்ணில் பட்டதில்லை. அவளுடைய அண்ணனும் காணாமல் போனவர்களில் ஒருவர். மனு தேறிவிட்டது, அடுத்த கப்பலில் வருகிறேன் என்று அவர் எழுதிய கடிதம்தான் கடைசி. மண்டபம் முகாமில் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

தாயார் ஊருக்கு வெளியே வாட்டில் காட்டை ஒட்டிய குடியிருப்பில் மகளோடு இருந்தார். ஒரு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலை. வேலை முடிந்து போகும்போது சில நாள் எங்கள் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்ப்பார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கம்ப்யூட்டரைத் தொடாமல் நின்று பார்ப்பார்.

“இதுக்குள்ளதான் எல்லாரும் இருக்காங்களா சார்?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

“பேரு இருக்கும்மா” என்றேன்.

“அது போதும். பேரு இருந்தா ஆளைப் புடிச்சிரலாம்.”

பெயர்கள் இருந்தன, வரிசையாக இல்லை. வந்த அட்டை வந்தபடி ஏறியிருந்தது. ஒரே தகப்பனார் பெயரும் ஒரே தோட்டமும் உள்ளவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் யாருக்கு யார் உறவு என்று தெரியும். அப்படி வரிசைப்படுத்தும்போது மொத்தத்தையும் இன்னொரு பிரதி எழுதிக்கொள்ள கம்ப்யூட்டருக்கு இடம் வேண்டும். எங்களிடம் அந்த இடம் இல்லை. இருந்த டிஸ்க்கை, டாஸ் என்ற அன்றைய பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வரம்பு காரணமாக, சி என்றும் டி என்றும் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சியில் பாதி சும்மா கிடந்தது. டி நிரம்பி வழிந்தது. ஒன்றின் காலி இடம் மற்றதற்கு உதவாது. புதிதாக வந்த டாஸ் முழு டிஸ்க்கையும் ஒரே பகுதியாக ஆள முடியும் என்றார்கள். அதற்குப் பழைய பிரிவுகளை அழித்து, டிஸ்க்கைப் புதிதாகத் தயார் செய்து, புது டாஸை ஏற்றி, பிறகு பெயர்களை மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். ஒருநாள் வேலை. அன்று மாலையே வரிசைப்படுத்திப் பார்த்துவிடலாம் என்று அந்தப் பெண் தாயாரிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் அவர் அன்று விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாச்சை உருண்டை வாசனை அறை முழுக்க அடித்தது.

மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி ஓர் இன்ஜினியரை அனுப்பியது. மெலிந்த இளைஞர். முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர் வெளிறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வெள்ளனே கெளம்புனேன் சார். கொண்டை ஊசி வளைவுல கொடலெல்லாம் வெளிய வந்துருச்சு. வேலைய முடிச்சுட்டு வெரசா எறங்கணும்.”

“எறங்கும்போதும் அதே வளைவுதான தம்பி” என்றார் தாயார், சிரிக்காமல்.

இன்ஜினியர் கறுப்புத் தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு வேலையில் இறங்கினார். என்ன செய்யப்போகிறோம் என்பதை எனக்கு விளக்கினார். நான் கேட்டேன், தாயாரும் கேட்டார். புரிந்துகொண்டது அவர்தான் முதலில்.

“லயத்துல ரெண்டு காம்பரா. நடுச்செவத்தை எடுத்துட்டு ஒண்ணாக்குறீங்க. அப்படித்தானே?”

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் ஓர் அறைக்குக் காம்பரா என்று பெயர். இன்ஜினியர் அதைக் கேட்டதில்லை. அர்த்தம் பிடிபட்டதும் தலையாட்டினார்.

“அதேதாம்மா. செவத்தை எடுக்குறதுக்கு முன்னாடி உள்ள இருக்குற சாமான வெளிய எடுத்து வெச்சுரணும். மிஸ், பேக்கப் இருக்குல்ல?”

“இருக்கு சார். அட்டைய ஏத்தி முடிச்சப்பவே, போன மாசமே எடுத்து வெச்சுட்டேன்.”

மேசைமேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. தகர டப்பா. அதற்குள் ஃபிளாப்பிகளை அடுக்கிக் காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அலுவலகத்தில் தீப்பிடித்தாலும் பிரதி தப்பவேண்டும் என்பதற்காக அதை வீட்டில் வைக்கச் சொல்லியிருந்தவர் பொறுப்பாளர். அது சரியான யோசனைதான். அலுவலக அலமாரியில் வைத்த ஃபிளாப்பிகள் சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்து நாங்கள் தூக்கி எறிந்ததும் உண்டு.

இன்ஜினியர் மேலே இருந்த முதல் ஃபிளாப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். படித்தது. “போதும்” என்றார். எனக்கும் போதும் என்றுதான் தோன்றியது. அறையில் இருந்த யாருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

பிரிவுகளை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். இந்தப் பகுதியில் உள்ள அனைத்தும் அழிந்துபோகும், தொடரலாமா என்று திரையில் கேள்வி வந்தது. அவர் அதை வாய்விட்டுப் படித்து, தமிழில் சொல்லி, எங்களைத் திரும்பிப் பார்த்தார். பெண் தலையாட்டினாள். அவளைப் பார்த்துத் தாயாரும் தலையாட்டினார். இன்ஜினியர் ஒரே ஓர் எழுத்தைத் தட்டினார். நடுச்சுவர் போய்விட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஏதாவது மிஞ்சியிருக்கும் என்று பின்னால் அவரே சொன்னார். பிரிவை அழித்தால் அட்டவணைதான் போகும். எழுதியது அடியில் கிடக்கும். ஆனால் எங்கள் டிஸ்க் சில மாதங்களாகவே பிழை காட்டிக்கொண்டிருந்தது. எடுத்த எடுப்பில் அடியிலிருந்தே புதிதாகக் கோடு போட்டுவிடுவது நல்லது என்று அவர் முடிவு செய்தார். தொழில் தெரிந்த யாரும் அன்று அதைத்தான் செய்திருப்பார்கள். நிலத்தை உழுவது போல, அடியில் கிடந்ததும் அழிந்து, டிஸ்க் ஓரத்திலிருந்து உள்ளே வரை புதிதாகிக்கொண்டு வந்தது. திரையில் ஓர் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கரண்ட் போய்விடக்கூடாதே என்பதுதான் எங்கள் எல்லோருடைய கவலையும். போகவில்லை.

மதியம் தாயார் கொண்டுவந்திருந்த ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் சாப்பிட்டோம். காரத்தில் இன்ஜினியருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. “இதுக்கே அழுதா எப்படித் தம்பி?” என்றார் தாயார். அன்று அவர் அடிக்கடி பேசினார். மகன் பிறந்த தோட்டத்தைப் பற்றி, கங்காணியின் கையிலிருந்து தப்பிக்க அவன் தேயிலைச் செடிக்குள் ஒளிந்ததைப் பற்றி. மகள் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

சாப்பாட்டுக்குப் பின் புது டாஸ் ஏறியது. கம்ப்யூட்டர் புதிதாகப் பிறந்ததுபோல் எழுந்தது. சி என்று ஒரே ஒரு பகுதி, முழுக்கக் காலி. இன்ஜினியர் முதல் ஃபிளாப்பியைப் போட்டு, பெயர்களைத் திரும்ப ஏற்றும் கட்டளையைக் கொடுத்தார். முதலாவது முடிந்தது, அடுத்ததைப் போடு என்றது. இரண்டாவது, மூன்றாவது. பெண் ஒவ்வொன்றாக டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான்காவதைப் போட்டதும் டிரைவிலிருந்து மரத்தை இழைப்பது போன்ற சத்தம் வந்தது. படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது. மறுபடி முயன்றார். வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டார். பிறகு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பார்த்தார். அப்பளம் போல லேசாக வளைந்திருந்தது.

அடுத்ததைப் பார்த்தார். அது இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தது. கீழே போகப்போக வளைவு கூடியது. கடைசியில் டப்பாவைத் தூக்கித் திருப்பினார். அடிப்பக்கம் கரி பிடித்துக் கறுத்திருந்தது.

“இது எங்க இருந்துச்சு?”

பெண் பதில் சொல்வதற்குள் தாயார் சொன்னார். குரலில் பெருமை இருந்தது.

“அடுப்புக்கு மேல பலகை அடிச்சிருக்கோம் தம்பி. ரேசன் கார்டு, கப்பல் பேப்பர், பாஸ்போர்ட்டு, எல்லாம் அங்கதான் இருக்கு. ஒரு பூஞ்சை புடிச்சதில்ல. இதையும் தகரத்துல போட்டு அங்கதான் வெச்சேன். மத்த எடமெல்லாம் ஈரம்.”

அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். உப்பு, தீப்பெட்டி, விதை, சான்றிதழ், நனையக்கூடாத எல்லாமே அடுப்புக்கு மேலே இருக்கும். அந்த மலையில் காகிதத்தைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த ஒரே இடம் அது. காகிதத்தை அது காப்பாற்றியும் இருந்தது. தகரத்தின் அடியில் வாரக்கணக்கில் ஏறிய சூடு, காந்தப் பூச்சுள்ள மெல்லிய தட்டை என்ன செய்யும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

இன்ஜினியர் டப்பாவை மெதுவாக மேசையில் வைத்தார். பெண் அவரைப் பார்த்தாள். தலையை மிக லேசாக, இல்லை என்பது போல அசைத்தாள். அவர் புரிந்துகொண்டார்.

“சரிம்மா” என்றார். “ஃபிளாப்பி தயாரிச்சதுலயே கோளாறு போலருக்கு. நான் எடுத்துட்டுப் போய்ப் பார்க்குறேன்.”

“அப்ப இன்னைக்கு இல்லையா?”

“இன்னைக்கு இல்லம்மா.”

தாயார் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சி என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் மினுக்கும் ஒரு கோடும் மட்டும் இருந்தன. பிறகு பாத்திரங்களைக் கூடையில் எடுத்து வைத்தார். மகள் குடையை விரித்துக்கொண்டு கூடப் போனாள். இன்ஜினியர் ஃபிளாப்பி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தார்.

யாரும் சொல்லாமலே தாயாருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று எனக்குத் தெரியாது. சில நாள் கழித்து ஏதோ வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுப்புக்கு மேலிருந்த பலகை வெறுமையாக இருந்தது. எல்லாவற்றையும் இறக்கித் தகரப் பெட்டியில் போட்டுவிட்டாராம். ரேஷன் கார்டின் ஓரத்தில் அதற்குள் பச்சையாகப் படியத் தொடங்கியிருந்தது. மகள் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் இன்ஜினியர் மறுபடி வந்தார். கம்பெனி அனுப்பவில்லை, லீவு போட்டு, சொந்தச் செலவில் வந்திருந்தார். வளைந்த ஃபிளாப்பிகளின் உறையைப் பிளேடால் கீறி, உள்ளே இருந்த தட்டை எடுத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து நிமிர்த்தி, புது உறையில் மாற்றிப் போட்டுப் படித்திருக்கிறார். படிக்க முடிந்த துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஒரு புரோகிராமைச் சென்னையில் ஒருவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். ஒரு மாதம் அவருடைய மாலை நேரங்கள் அதில் போயிருக்கும். ஏறக்குறைய பாதிப் பெயர்கள் முழுதாகக் கிடைத்தன. மீதியெல்லாம் துண்டுகள். தோட்டம் இருக்கும், பெயர் இருக்காது. பெயர் இருக்கும், ஊர் இருக்காது. இடையிடையே சிரிக்கும் முகம் போன்ற சிறு குறிகள் வரிசையாகத் திரையில் வந்தன. எழுத்தாகப் படிக்க முடியாததைக் கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டும் என்றார்.

முழுதாகக் கிடைத்தவற்றை வரிசைப்படுத்தினோம். வேலை செய்தது. பாச்சலூரில் இருந்த ஓர் அக்காளுக்குக் கூடலூரில் ஒரு தம்பி கிடைத்தார். இன்னும் சில குடும்பங்கள் சேர்ந்தன. இந்தத் தாயாரின் மகன் அவற்றில் இல்லை.

துண்டுகளைப் பெண் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். அண்ணனின் பெயர். அதற்குப் பின், இன்னாருடைய மகன் என்பதற்கான எழுத்துகள். தகப்பனார் பெயரும் ஊரும் வரவேண்டிய இடத்தில் வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

மிகச் சாதாரணமான பெயர் அது. பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த எந்தப் பிள்ளைக்கும் வைக்கும் பெயர். எங்கள் அட்டைகளிலேயே அந்தப் பெயரில் பலர் இருந்தார்கள்.

தாயார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மகள் நின்றதைக் கவனித்துவிட்டார். “என்ன போட்டிருக்கு?” என்றார். அவளால் மறைக்க முடியவில்லை, படித்தாள். தாயார் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவந்தானே? இங்க வந்துட்டான், உசுரோட இருக்கான்னுதானே அர்த்தம்?”

பத்திரிகையில் இப்படி ஒரு தகவல் என் மேசைக்கு வந்திருந்தால், உறுதியாகவில்லை என்று எழுதி ஒதுக்கியிருப்பேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இங்கே எனக்கு வாய் வரவில்லை. இன்ஜினியர்தான் பேசினார். பிரிவை அழிக்க அந்த ஓர் எழுத்தைத் தட்டிய விரல்களை மடக்கி வைத்திருந்தார்.

“ஆமாம்மா. இருக்காரு. எந்த ஊருங்கறது மட்டுந்தான் அழிஞ்சு போச்சு.”

தாயார் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்ஜினியரின் கையைப் பிடித்து, “நல்லா இருப்பீங்க தம்பி” என்றார்.

அடுத்த மாதமே அவர் கூடலூருக்குக் கிளம்பினார். பிறகு வால்பாறை. பிறகு கோத்தகிரி. விடுதியில் லீவு கொடுக்க மறுத்தபோது வேலையை விட்டார். ஒவ்வொரு லயன் வீட்டு வாசலிலும் நின்று, மகன் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். அந்தப் பெயருள்ளவர்கள் வெளியே வந்து, உங்கள் மகன் நான் இல்லை என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மகள் ஒருமுறை என்னிடம், “அவன் இல்லன்னு யாராச்சும் சொல்லியிருந்தா அம்மா ஒரு தடவ அழுதிருக்கும் சார்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், யார் மீதும் குறை சொல்லவில்லை. ஒட்டிப்போன அட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துப் படிக்கும் வேலையில் அப்போது இருந்தாள். நான் மலையை விட்டு இறங்கிய வருடத்திலும் அது முடிந்திருக்கவில்லை.

நான் கிளம்பிய அன்று தாயாரைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். அவர் பழனி பஸ்ஸுக்கு நின்றிருந்தார். பாலசமுத்திரத்துப் பக்கம் ஒரு தோப்பில் இலங்கையிலிருந்து வந்த ஒருவன் காவலுக்கு இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். மெலிந்திருந்தார். ஆனால் முகத்தில் கவலை இல்லை.

“இருக்கான்னு தெரிஞ்சு போச்சு சார். இனி எங்கங்கறதுதான்” என்றார். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

‘தெரியாது’ என்பது பத்திரிகை மேசையில் நான் மிகச் சுலபமாக எழுதிய சொல். யாராவது என் முகத்தைப் பார்த்து ஒரு பதிலுக்குக் காத்திருக்கும்போது, அந்தத் தாய் பஸ் மாறி மாறிப் போன தூரம் அத்தனையும் நினைவுக்கு வந்து, அந்தச் சொல்லை இப்போதெல்லாம் எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.